பவர் ஹவுஸில் ஒரு பாட்டுக் கச்சேரி

பெர்லினுக்குப் போகிறவர்கள் இடிந்த சுவரைப் பார்ப்பார்கள். பிராண்டன்பர்க் வாசலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு பவர் ஹவுஸ். சிரிக்காதீர்கள். மின்வாரியத்தில் 34 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன ஆசை வரும்?

யு-8 என்கிற பாதாள ரயிலில் ஏறி, ஹைன்ரிஷ் ஹைனே தெரு என்ற நிலையத்தில் இறங்கினால் பொடிநடையாகப் போய்விடலாம். கோபெனிக்கர் தெரு. 1960-களின் தொடக்கத்தில், ஊருக்குக் குறுக்கே சுவர் எழும்பிய அதே சமயத்தில், கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் கட்டிய அனல் மின் நிலையம் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டி ஓட்ட ஆரம்பித்ததும் 90-களில் பழசை மூடிவிட்டார்கள். பாய்லரைக் கழற்றினார்கள், டர்பைனைக் கழற்றினார்கள், கட்டடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இப்போது அதற்குள் என்ன நடக்கிறது தெரியுமோ? ராத்திரி முழுக்க ஆட்டம்!

அதன் அடித்தளத்தில் இருக்கிற நடன கிளப்புக்கு 'ட்ரெஸோர்' என்று பெயர். ட்ரெஸோர் என்றால் பெட்டகம். 1989-ல் சுவர் விழுந்ததும் கிழக்கு பெர்லினில் சொந்தக்காரன் யார் என்றே தெரியாமல் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. அப்படிக் கிடந்த ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டக அறையில், துருப்பிடித்த லாக்கர்களுக்கு நடுவே, 1991-ல் பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். 2005-ல் அந்த இடம் கைவிட்டுப் போக, 2007-ல் இந்தப் பவர் ஹவுஸுக்குக் குடி மாறினார்கள். இதே ஊரில் 2004 முதல் ஓடுகிற 'பெர்கைன்' என்ற கிளப் இன்னும் பிரசித்தம். செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அதுவும் ஒரு பழைய பவர் ஹவுஸ்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் இலாகா மேல் அப்படி என்ன பிரியமோ!

ஒரு பகல் நேர நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்குள் போனேன். கான்கிரீட் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. எங்கே டர்பைன் உட்கார்ந்திருக்கும், எங்கே கன்ட்ரோல் ரூம் என்று மனசு தன்பாட்டுக்கு அளக்க ஆரம்பித்துவிட்டது. நான் பல வருஷம் ஷிப்ட் பார்த்த எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். அங்கே யாரும் ஆடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பெர்லினுக்குப் போனது 2025 ஜூனில். போனது பவர் ஹவுஸ் பார்க்க அல்ல. என் அக்கா அனுப்பிய தூது.

அக்கா பையன், அதாவது என் மருமான், இங்கே சாஃப்ட்வேர் என்ஜினீயர். ஏழு வருஷமாக நல்ல வேலை. போன பொங்கலன்று அவன் காதில் ஹெட்போனும் தலைக்கு மேலே ஒரு கையுமாக, பின்னால் சிவப்பு விளக்கு எரிய, ஒரு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. "பையன் ராத்திரியில என்ன பண்றாரு?" என்று பெண் வீட்டில் கேட்டுவிட்டார்கள். விசாரித்தால் அதைவிடப் பெரிய குண்டு: ஐந்து நாள் வேலையை நாலு நாளாகக் குறைத்துக்கொண்டிருக்கிறான். சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கு அம்பேல்!

"தம்பி, நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா. நாலு எழுத்துப் படிச்ச பையன், கல்யாண வீட்டு மைக் செட்காரன் மாதிரி பாட்டுப் போட்டுட்டு நிக்கிறானாம். அடுத்தவன் பாடினதைப் போட்டுக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் அக்கா.

மைக் செட்காரர்களை அக்கா இப்படி மட்டமாகப் பேசியதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் விடியற்காலையில் எது, பந்தி நடக்கும்போது எது, மாப்பிள்ளை அழைப்புக்கு எது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மாற்றிப் போட்டால் பெரியவர்கள் ஆள் அனுப்பிவிடுவார்கள்.

மருமானின் வீடு நொய்கோல்ன் என்கிற பகுதியில், நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேஜை மேல் ஒரு லேப்டாப். அதன் முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு சக்கரங்களும் நடுவில் வரிசையாகத் திருகுகளும் வைத்த ஒரு பலகை. இதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். பாட்டெல்லாம் லேப்டாப்பில், சக்கரமும் திருகும் அந்த சாஃப்ட்வேருக்குக் கைப்பிடி.

"மாமா, ரெண்டு பாட்டு. ஒண்ணு வெளியில ஓடிட்டிருக்கு. இன்னொண்ணு எனக்கு மட்டும் ஹெட்போன்ல கேட்குது. இதுவும் அதுவும் ஒரே வேகத்துக்கு வரணும். வேகம் மட்டும் போதாது, அடியும் அடியும் ஒரே இடத்துல விழணும். அப்புறம்தான் இதைத் திறந்து விடுவேன். ஆடுறவங்களுக்குப் பாட்டு மாறினதே தெரியக் கூடாது."

"முள் பன்னிரண்டு மணிக்கு வரணும்கிற!" என்றேன்.

"எந்த முள்?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மின் நிலையத்தில் புதிதாக ஒரு ஜெனரேட்டரை ஓட்டி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கிரிட்டோடு சேர்க்க வேண்டும். கிரிட்டில் மின்சாரம் ஒரு செகண்டுக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. நம் மிஷினும் அதே 50-க்கு வர வேண்டும். அது போதாது, அது ஏறும்போது இது ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். இதைக் காட்ட 'சிங்க்ரோஸ்கோப்' என்று ஒரு மீட்டர் உண்டு. கடிகாரம் மாதிரி இருக்கும், ஒரே ஒரு முள். நம் மிஷின் வேகமாக ஓடினால் முள் வலப்பக்கமாகச் சுற்றும், மெதுவாக ஓடினால் இடப்பக்கமாக. வேகத்தைத் துளித்துளியாக மாற்றி, முள் தூங்கி வழிகிற மாதிரி மெல்ல வலப்பக்கம் நகரும்படி செய்து, பன்னிரண்டை நெருங்குகிற நொடியில் பிரேக்கரைப் போட வேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் இரண்டும் ஒன்று. ஆறு மணியில் முள் நிற்கும்போது போட்டீர்களோ, போச்சு! கட்டடம் நடுங்குகிற அடி விழும். மிஷினின் தண்டே முறுக்கிக்கொள்ளலாம்.

மருமான் செய்வதும் இதேதான். அவன் அளவுகோல் மட்டும் வேறு: நிமிடத்துக்கு எத்தனை தட்டு. அதை பி.பி.எம். என்கிறார்கள். பெர்லின் கிளப்களில் 125-லிருந்து 150 வரை சர்வசாதாரணம். 128 என்று வைத்துக்கொண்டால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை செகண்டுகூட இல்லை. ஒரு பாட்டு 128-லும் இன்னொன்று 127.9-லும் ஓடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு நிமிடத்துக்குள் பத்தில் ஒரு தட்டு பிசகும். 'டும்' என்பது 'ட்டுடும்' ஆகும். இரண்டு நிமிடம் விட்டால் படிக்கட்டில் உருட்டிவிட்ட அண்டா.

பழைய காலத்தில் இதையெல்லாம் காதாலேயே செய்தார்கள். ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி 1972-ல் 'டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200' என்ற ரிக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்தது. தட்டுக்கு நேர் அடியில் மோட்டார், நடுவில் பெல்ட் இல்லை. 1979-ல் வந்த அதன் அடுத்த அவதாரத்தில், வேகத்தை எட்டு சதவிகிதம் வரை ஏற்றி இறக்க ஒரு நீளமான குமிழ். டிஜேக்களின் உலகமே அந்தக் குமிழில்தான் ஓடியது. ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது ஹாலில், விரல் இசைத்தட்டின் ஓரத்தில். தட்டு பிந்தினால் ஒரு தள்ளு, முந்தினால் விரலால் ஒரு தடவல். அதில் ஒரு சங்கடமும் உண்டு. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறிவிடும். கனமான ஆண் குரல் கீச்சுக் குரலாகும். அப்புறம் சுமை! நூறு இசைத்தட்டு உறையோடு சேர்த்தால் இருபது கிலோவுக்குக் குறையாது. அந்தக் காலத்து டிஜேக்களுக்குக் காது போனதோ இல்லையோ, முதுகு போயிருக்கும்.

அந்தச் சுமையை இறக்கி வைத்ததிலும் ஜெர்மனிக்குப் பங்கு இருக்கிறது. எர்லாங்கன் என்ற ஊரின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்தான் எம்.பி.3 உருவானதில் முக்கியமானவர்கள். கோப்புகளுக்கு அந்தப் பெயர் வைத்தது 1995-ல். பாட்டு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, சரி. ஆனால் இருபது வருஷம் இசைத்தட்டைத் தடவிப் பழகிய விரலுக்கு மவுஸைக் கொடுத்தால் என்ன செய்யும்?

ஆம்ஸ்டர்டாமில் சிலர் ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடித்தார்கள்: பாட்டே இல்லாத இசைத்தட்டு! அதில் இருப்பது 'ஙொய்...' என்று ஒரு சங்கேதச் சத்தம் மட்டும். முள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்துக் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு, தன்னிடம் உள்ள பாட்டை அதற்குத் தகுந்த மாதிரி ஓட்டும். தட்டைப் பின்னால் இழுத்தால் பாட்டும் பின்னால் போகும். 'ஃபைனல் ஸ்க்ராட்ச்' என்று பெயர். ரிச்சி ஹாட்டின் என்ற கனடா டிஜே இதை ஆரம்பத்திலேயே கையில் எடுத்துக்கொண்டு மேடை மேடையாகப் போனார். பிறகு அது பெர்லின் 'நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' கம்பெனியின் 'ட்ராக்டர்' என்ற சாஃப்ட்வேரோடு கைகோத்தது. நம் ஊர் வயலில் ஓடுகிற ட்ராக்டர் இல்லை!

இதே பெர்லினில் 1999-ல் தொடங்கிய 'ஏபிள்டன்' கம்பெனி, 2001-ல் 'லைவ்' என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. பாட்டை ரப்பர் பேண்டு மாதிரி இழுக்கலாம், சுருக்கலாம். சுருதி அப்படியே நிற்கும். காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு 'மிக்ஸ்' என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைக்குப் பெரிய கிளப்களில் பல டிஜேக்கள் லேப்டாப்பைக்கூடத் தூக்கிப் போவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுகளின் வேகம், சுருதி எல்லாவற்றையும் அலசிக் குறித்துவைத்து, சுண்டுவிரல் அளவு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே உள்ள பிளேயரில் சொருகினால் கச்சேரி ஆரம்பம். இருபது கிலோ, சட்டைப் பைக்குள்!

நான் ஆவலாகக் கேட்டேன்: "இப்ப முள்ளைப் பார்த்து யாரு பிரேக்கர் போடுறது?"

மருமான் கன்ட்ரோலரில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான். 'சிங்க்' என்று எழுதியிருந்தது. அமுக்கினான். திரையில் மலைத்தொடர் மாதிரி ஓடிக்கொண்டிருந்த இரண்டு கோடுகள் துள்ளி நகர்ந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றன. அவ்வளவுதான்.

"பழைய ஆளுங்க இதைத் திருட்டுத்தனம்னு சொல்றாங்க மாமா. இதை அமுக்குறவன் டிஜேயே இல்லையாம்."

இந்தச் சண்டை எனக்குப் பழைய சண்டை. மின் நிலையங்களுக்கு ஆட்டோ சிங்க்ரனைசர் வந்தபோதும் இதே புலம்பல்தான். "நாங்க முள்ளைப் பார்த்துப் போட்டோம் சார்... இவனுங்க பெட்டியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கானுங்க" என்று சொல்லாத சீனியர் கிடையாது. என் கட்சி என்னவென்றால், பெட்டி எங்களைவிட நன்றாகவே போட்டது. டீ குடித்துவிட்டா, வீட்டில் சண்டை போட்டுவிட்டா என்று அதற்குக் கிடையாது. ஆனால் எந்த யூனிட்டை எப்போது ஓட்டுவது, ஊருக்கு எவ்வளவு லோடு வேண்டும், எதை ஏற்றி எதை இறக்குவது... இதைப் பெட்டி சொல்லாது. அதற்கு லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வர வேண்டும்.

இந்தத் தொழிலில் லோடு டெஸ்பாட்ச் சென்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் சனிக்கிழமை ராத்திரி அவனோடு கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன் அக்காவின் போன். எனக்கு அதற்குள் ஒரு ஆயுதம் கிடைத்திருந்தது. ஜெர்மனியில் கச்சேரி டிக்கெட்டுக்கு வரி 7 சதவிகிதம். சும்மா கேளிக்கை என்றால் 19. டிஜே போடுவது கச்சேரியா, கேளிக்கையா? இது கோர்ட்டுக்கே போய்விட்டது. 2016-ல் பெர்கைன் விவகாரத்தில் கச்சேரிதான் என்று தீர்ப்பு. 2020-ல் இன்னொரு வழக்கில் நாட்டின் உச்ச வரி நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது: டிஜே அடுத்தவர் பாட்டை வெறுமனே போட்டுக் காட்டவில்லை, அதை வைத்துப் புதிதாக ஒன்றை நிகழ்த்துகிறார், அவருடைய கருவிகளும் ஒருவகையில் வாத்தியங்களே என்று. 2024 மார்ச்சில் ஜெர்மனியின் யுனெஸ்கோ கமிஷன் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தையே நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கோர்ட்டே சொல்லிடுச்சா? அந்தத் தீர்ப்பு காப்பி ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி. பொண்ணு வீட்ல காட்டணும்."

"சம்பளம் குறைஞ்சதுக்கு எந்தக் கோர்ட்ல தீர்ப்பு வாங்குறது?" என்று அடுத்த கேள்வியையும் போட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையனைக் கேட்டால், "நாலு வருஷம் பார்க்கிறேன் மாமா. சரிப்படலேன்னா திரும்ப அஞ்சு நாள். இங்க அது முடியும்" என்கிறான். முடியலாம். ஆனால் இந்தத் தொழிலின் தரையே ஆட்டம் காண்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். வாடகை ஏற ஏற கிளப்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. ஸ்ப்ரே நதிக்கரையில் 2002 முதல் ஓடிய 'வாட்டர்கேட்' 2024 கடைசியோடு சாத்திவிட்டது. மரபுப் பட்டியலில் சேர்த்த அதே வருஷம்!

ஜூன் மாதம் பெர்லினில் ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. நாங்கள் போன இடம் கிளப்கூட இல்லை, நாற்பது பேர் நின்றால் நிரம்பிவிடுகிற ஒரு சின்ன பார். கடையைச் சாத்து என்று சொல்ல போலீஸ் வருமோ என்று எனக்குக் கவலை. இந்த ஊரில் அந்தக் கவலையே கிடையாதாம். 1949-லேயே மேற்கு பெர்லினில் கடை மூடும் நேரத்தை எடுத்துவிட்டார்கள். ஓட்டல்காரர் ஒருவர் அமெரிக்க ராணுவ அதிகாரியிடம் ஒரு பாட்டில் விஸ்கியோடு போய்ப் பேசிக் காரியத்தைச் சாதித்தார் என்பார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மானியர். நிஜ இசைத்தட்டுகள். நரைத்த தலையைச் சாய்த்து, தோளுக்கும் காதுக்கும் இடையே ஹெட்போனை இடுக்கிக்கொண்டு விரலால் தட்டைத் தொட்டார் பாருங்கள், எங்கள் பழைய ஷிப்ட் சார்ஜ் என்ஜினீயர் கவர்னர் சுவிட்சைத் தொட்ட மாதிரியே இருந்தது. அவர் இறங்கும்போது மருமானின் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "திரையைப் பார்த்தா காது தூங்கிடும்னு சொல்றார் மாமா. எப்பவும் சொல்வார்."

மருமான் ஒரு பட்டியல் தயார் செய்து வைத்திருந்தான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வேகம் பார்த்து, சுருதி பார்த்து வரிசைப்படுத்தியது. சுருதி சேராத இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைத்தால் சாஃப்ட்வேரே காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலின் முதல் பாட்டுக்கே நாலு பேர் சிகரெட் பிடிக்க வெளியே போனார்கள். இரண்டாவது பாட்டுக்கு இன்னும் மூன்று பேர். பையன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், பட்டியலைக் கடாசிவிட்டான். மூலையில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையே பார்த்தபடி எதையோ தேடினான். எடுத்தான். ஓடுகிற பாட்டின் அடிச்சத்தத்தை ஒரு திருகால் மெல்லக் குறைத்து, வருகிற பாட்டின் அடிச்சத்தத்தை அதே நேரம் ஏற்றினான். இரண்டு அடிச்சத்தமும் சேர்ந்து நின்றால் சேறாகிவிடும். ஒரு யூனிட்டிலிருந்து லோடை இறக்கி இன்னொரு யூனிட்டில் ஏற்றுகிற அதே வேலை! அந்தப் பெண்களின் தோள் அசைந்தது. பிறகு கால். பத்து நிமிடத்தில் சிகரெட்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

நான் ஓர் ஓரமாக ஆப்பிள் ஜூஸோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். சிங்க் பொத்தானை அமுக்க ஒரு தடவைக்கு அரை செகண்டு. மிச்ச நாலு நிமிடமும் அவன் கண் லேப்டாப்பில் இல்லை, ஜனங்களின் காலில் இருந்தது.

நடு ராத்திரிக்கு மேல் ஒரு விபரீதம். சாஃப்ட்வேர் ஒரு பாட்டின் தாளத்தைத் தவறாகப் படித்து, அரைத் தட்டு தள்ளிக் கட்டம் போட்டு வைத்திருந்தது. திரையில் பார்த்தால் கோடும் கோடும் சேர்ந்து கச்சிதம்! காதில் கேட்டால் ஒன்று 'டும்' என்கிற இடத்தில் மற்றது 'ட்ஸ்' என்கிறது. முள் ஆறு மணி! எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. வெளியே திறந்து விடுவதற்கு முன்பே ஹெட்போனில் பிடித்துவிட்டான் பயல். பொத்தானை அணைத்தான். சக்கரத்தின் ஓரத்தை விரலால் ஒரு தள்ளு, இன்னொரு சின்னத் தள்ளு. சேர்ந்தது. பாரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நரைத்தலைக்காரர் மட்டும் தன் கிளாஸை லேசாக உயர்த்தினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம்தான் எழுந்தோம். இட்லிப் பொடி கொண்டுபோயிருந்தேன், பிரெட்டுக்குத் தொட்டுக்கொண்டோம். நேரில் அனுபவிக்காதவர்கள் கேலி செய்ய வேண்டாம்.

"மாமா, ஒரு பழைய தமிழ்ப் பாட்டு வெச்சிருக்கேன். அறுபதுகள்ல வந்தது. அடுத்த தடவை இதைப் போடணும்னு ஆசை. ஆனா சாஃப்ட்வேர் இதுக்கு மட்டும் படியவே மாட்டேங்குது" என்றான்.

படியாதுதான். டெக்னோ பாட்டு என்பது மிஷின் தட்டியது. முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை கட்டம் போட்ட நோட்டு. அந்தக் காலத்து சினிமாப் பாட்டு அப்படியா? ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, பாடகர் மூச்சு வாங்கினால் தபேலாக்காரரும் காத்திருந்து வாசித்தது. பல்லவியை 104 என்று சாஃப்ட்வேர் சொல்கிறது. சரணத்தில் உற்சாகம் வந்து 107. திரும்பப் பல்லவிக்கு வரும்போது மறுபடி இறங்குகிறது. சிங்க் பொத்தானை அமுக்கினால் பெர்லின் டிரம்மும் நம் தபேலாவும் பத்து செகண்டு கூடிக் குலாவிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன.

லைவ் சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தட்டு விழுகிற இடங்களில், துணிக்குக் குண்டூசி குத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் குறி குத்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் தட்டு என்று காதால் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மேஜை விளிம்பில் நான் தாளம் போட, அவன் குத்தினான். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு இரண்டு மணி நேரம்!

குத்தி முடித்து ஓடவிட்டான். பாட்டு முழுக்க 105-ல் பிசிறில்லாமல் ஓடியது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

"நல்லா இல்லைடா" என்றேன். "சரணத்துக்குப் போகும்போது ஒரு துள்ளல் இருந்துதே, அது எங்க?"

அவனும் யோசித்தான். பிறகு மெனுவில் எங்கோ போய் ஏதோ ஒன்றை மாற்றினான். "இப்பப் பாட்டுதான் தலைவர் மாமா. டிரம் இது பின்னாடி போகும்."

எண்ணூரில் எந்த யூனிட்டாக இருந்தாலும் கிரிட்டின் இழுப்புக்குத்தான் அடங்கி ஓடும். இங்கே ஒரே ஒரு யூனிட்டுக்காக கிரிட்டே வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடியது. சரணம் வந்தது. தபேலாக்காரர் கொஞ்சம் முந்தினார். மிஷின் டிரம்மும் கூடவே ஓடியது. அவர் பல்லவிக்கு நிதானித்தார், மிஷினும் நிதானித்தது. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ.

ஸ்பீக்கரை ஏற்றப் போனேன். மருமான் கையைப் பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாதாம்; கீழ் வீட்டுப் பாட்டி மணி அடித்துவிடுவாராம். வெள்ளி ராத்திரி ஆரம்பித்துத் திங்கள் காலை வரை கிளப் நடத்துகிற ஊரில் இப்படி ஒரு சட்டம்! இருந்தது ஒரே ஒரு ஹெட்போன். அதைத் திருப்பி ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டோம்.

"இரண்டாவது சரணத்துல ஒரு இடம் சந்தேகமா இருக்கு. தட்டுங்க மாமா" என்றான்.